மால்டா கிராமத்துக் குழந்தைகள்: காசநோய்க் கிருமி எதைத் தடுத்துப் பிழைக்கிறது என்று காட்டிய ஒரு நிகழ்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கும் சின்னத் தீவு நாடு மால்டா. அங்கே ஒரு கிராமத்தைச் சேர்ந்த சில குழந்தைகளுக்கு, சாதாரணமாக யாரையும் ஒன்றும் செய்யாத கிருமிகளால் உடம்பு முழுக்கத் தொற்று பரவியது. லண்டனில் மைக்கேல் லெவினின் குழந்தை மருத்துவக் குழு அவர்களை ஆராய்ந்து 1995-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. மெலனி நியூபோர்ட்டும் லெவினும் உடன் ஆய்வாளர்களும் 1996 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அதன் காரணத்தை எழுதினார்கள்.

இந்தக் குழந்தைகளுக்கு வந்தது காசநோய் இல்லை. ஆனாலும் காசநோய்க் கிருமி நம் செல்லின் உள்செய்திகளில் எப்படிக் கைவைத்துப் பிழைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான மனித நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. காசநோய்க் கிருமி பல புரதங்களையும் கொழுப்புகளையும் செலவழித்து எதைச் சாதிக்கிறதோ, அதே விளைவு இந்தக் குழந்தைகளின் உடம்பில் பிறப்பிலேயே இருந்தது. அதனால்தான் எந்தத் திறமையும் இல்லாத கிருமிகள்கூட அங்கே வென்றன.

பின்னணி: மேக்ரோபேஜுக்குள் நடக்கும் இழுபறி

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் அடையாளம் காட்டினார். அது மனிதரின் மேக்ரோபேஜ் செல்களுக்குள் போய் வாழ்கிறது என்பதும் வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். மேக்ரோபேஜின் வேலையே கிருமிகளை விழுங்கி அழிப்பதுதான். அப்படியிருக்க, அதற்குள்ளேயே போய்க் குடியிருப்பது எப்படி?

முதல் தெளிவான பதில் 1971-இல் லண்டனிலிருந்து வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். விழுங்கப்பட்ட கிருமி ஒரு சிறு பைக்குள் இருக்கிறது. வழக்கமாக அந்தப் பையோடு, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோம் வந்து இணையும். கிருமி உயிரோடு இருந்தால் இந்த இணைப்பு பெரும்பாலும் நடக்கவில்லை. செத்த, சேதமான கிருமி இருந்த பைகளில் தாராளமாக நடந்தது. ஆக, இணைப்பைத் தடுப்பது செல்லின் சோம்பல் இல்லை, உயிருள்ள கிருமி செய்யும் வேலை. பின்னர் 1994-இல், அந்தப் பையின் சவ்வில் அமிலம் ஏற்றும் புரோட்டான் பம்ப் மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. அமிலமே ஏறாத பைக்குள் கிருமி சௌகரியமாக இருக்கிறது.

இதை எப்படிச் செய்கிறது என்பதற்கு ஒரே ஒரு விடை இல்லை. பை முதிர்ச்சி அடைய, அதன் சவ்வில் ஒரு குறிப்பிட்ட பாஸ்பேட் கொழுப்பு உருவாக வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தகட்டப் புரதங்கள் வந்து ஒட்டும். கிருமியின் மேலுறையிலுள்ள லிப்போஅராபினோமன்னன் என்ற பொருள், செல்லின் கால்சிய செய்தியைக் குலைத்து அந்தக் கொழுப்பு உருவாகாமல் பார்த்துக்கொள்கிறது. அதையும் மீறிக் கொஞ்சம் உருவானால், சேப்எம் என்ற நொதி அதிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. பிடிபிஏ என்ற இன்னொரு நொதியைக் கிருமி செல்லின் திரவப் பகுதிக்குள்ளேயே அனுப்புகிறது. பைகள் இணைய உதவும் விபிஎஸ்33பி என்ற மனிதப் புரதத்தின் பாஸ்பேட்டை அது நீக்கிவிடும். அதே நொதி புரோட்டான் பம்பின் ஒரு பகுதியிலும் ஒட்டி, பம்ப் அந்தப் பைக்கு வராமல் தடுக்கிறது. 2004-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் குழு ஒன்று, பிகேஎன்ஜி என்ற கைனேஸின் (பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) மரபணுவை நீக்கிய மைக்கோபாக்டீரியா (காசநோய்க் கிருமியின் குடும்பம்) சீக்கிரமே லைசோசோமுக்குப் போய்ச் சேர்வதைக் காட்டியது.

பாஸ்பேட்டை ஏற்றுவதும் இறக்குவதும்தான் நம் செல்கள் தமக்குள் செய்தி அனுப்பும் அடிப்படை வழி. கிருமியும் அதே வழியில் புகுந்துகொள்கிறது. இத்தனை கருவிகள் ஒரே வேலைக்கு இருப்பதைப் பார்த்தால், அந்த வேலை அதற்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிகிறது.

இந்த இழுபறியில் மேக்ரோபேஜ் தனியாக இல்லை. வெள்ளணு வகைகளான டி செல்களும் என்கே செல்களும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கின்றன. மேக்ரோபேஜின் மேல்பரப்பில் அதற்கான ஏற்பி இருக்கிறது. இன்டர்ஃபெரான் வந்து ஒட்டியதும் உள்ளே ஜாக்1, ஜாக்2 என்ற கைனேஸ்கள் கிளம்பி, ஸ்டாட்1 என்ற புரதத்துக்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஸ்டாட்1 உட்கருவுக்குள் போய் நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அதே பையில் அமிலம் ஏறுகிறது, லைசோசோம் இணைகிறது, செல் தன் உள்ளுறுப்புகளைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜி என்ற பாதையும் திறக்கிறது. இன்டர்ஃபெரான் காமா இல்லாத எலிகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்சமும் தாக்குப்பிடிக்காமல் இறந்துபோகின்றன என்று 1993-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் காட்டியிருந்தன. எலிக்கு உண்மை, சரி. மனிதருக்கு? அந்தக் கேள்வி அப்போது திறந்தே கிடந்தது.

கண்டவை

1995 கட்டுரையில் மொத்தம் 6 குழந்தைகள். அவர்களில் 4 பேர் மால்டா குழந்தைகள். அவர்கள் ஒருவருக்கொருவர் உறவு, இருவர் அண்ணன் தம்பி. எல்லோருக்கும் மைக்கோபாக்டீரியா குடும்பத்துக் கிருமிகளால் தொற்று உடம்பு முழுக்கப் பரவியிருந்தது. ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. ஏவியம், ஃபோர்ட்யூட்டம், கெலோனே என்று பெயர் கொண்ட, மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற வகைகள். குழாய்த் தண்ணீரில்கூட இவை இருக்கும். நாம் எல்லோரும் தினமும் இவற்றைக் குடிக்கிறோம், மூச்சில் இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. எச்ஐவி முற்றியவர்களுக்கும், நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும்தான் இவை பரவி ஆபத்தாகும்.

ஒரு சின்ன இடைச்செருகல். இந்த மண்-தண்ணீர் வகைகள் தமிழ்நாட்டுக்கும் அந்நியமில்லை. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கி சுமார் 3,60,000 பேரை வைத்து நடந்த பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. அந்த ஏமாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அந்தப் பகுதி மக்களுக்கு ஏற்கெனவே இந்தக் கிருமிகளோடு நிறையப் பழக்கம் இருந்தது என்பது. அவ்வளவு பழகியும் பொதுவாக அவர்களுக்கு இவை பெரும் நோயாக மாறவில்லை. மால்டா குழந்தைகளுக்கு மாறியது.

குழந்தைகளுக்கு அப்போது அறியப்பட்ட எந்த நோயெதிர்ப்புக் குறையும் இல்லை. தீவிரமான, பல மருந்துகள் சேர்ந்த சிகிச்சை கொடுத்தும் தொற்று விடவில்லை. சிலர் இறந்தார்கள். உயிரோடு இருந்தவர்களிடமும் கிருமி முழுதாக நீங்கவில்லை.

முதல் முடிவு: கிருமியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்ப்பது

இப்படி ஒரு சூழ்நிலையில் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வது கிருமியின் மருந்து எதிர்ப்பைச் சோதிப்பதும் மருந்துகளை மாற்றுவதும்தான். அதை விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. ஆனால் லெவின் குழு கேள்வியையே வேறு பக்கம் திருப்பியது. குழந்தைகளிடமிருந்து கிடைத்த கிருமி ஒரே வகை இல்லை, வெவ்வேறு வகைகள். ஒரு மூர்க்கமான கிருமி ஊருக்குள் பரவியிருந்தால் எல்லோரிடமும் ஒரே கிருமி இருந்திருக்க வேண்டும். கிருமி வேறாக இருந்தும் நோய் ஒன்றாக இருந்தது. குழந்தைகளோ உறவினர்கள். அப்படியென்றால் பொதுவாக இருப்பது அவர்களின் இரத்தத்தில்தான் இருக்க வேண்டும். பெற்றோர் ஆரோக்கியமாக இருந்ததால், இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பிரதி வந்தால் மட்டும் வெளிப்படும் ஒடுங்கு மரபணுக் குறையாக இருக்கலாம் என்று நினைத்தார்கள்.

இந்த நிகழ்வில் மிக நல்ல முடிவு இதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்ததெல்லாம் இந்தத் திருப்பத்தின் பலன்.

செல்லிடம் கேட்ட கேள்வி

குழந்தைகளின் இரத்த செல்களை எடுத்து, பாக்டீரியாவின் உறைப்பொருளான எண்டோடாக்சினைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான செல் இதற்கு டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற புரதத்தைச் சுரக்கும். கூடவே இன்டர்ஃபெரான் காமாவையும் சேர்த்தால் சுரப்பு பல மடங்கு ஏறும். குழந்தைகளின் செல்களில் இந்த ஏற்றம் வரவே இல்லை. இன்டர்ஃபெரான் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வித்தியாசம் இல்லை.

பார்க்க எளிமையான சோதனைதான். ஆனால் இது செல்லின் செய்திப் பாதையில் எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிட்டது. டிஎன்எஃப் வேறு, அதை ஏற்றும் கட்டளை வேறு. பழுது கட்டளை போய்ச் சேரும் வழியில் இருந்தது.

இங்கே கிளைவிடும் இன்னொரு அனுபவம் சொல்லத்தக்கது. மூட்டுவாதத்துக்கும் குரோன் நோய்க்கும் டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்சிமாப் மருந்து வந்த பிறகு, அதை எடுத்தவர்களில் காசநோய் வந்த 70 பேரின் விவரம் 2001-இல் வெளியானது. அவர்களில் 40 பேருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே இருந்தது. அந்த மருந்து கொடுக்கும் முன் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைச் சோதிக்கும் வழக்கம் அதன் பிறகுதான் உறுதிப்பட்டது. மால்டா செல்களில் ஏறாமல் போனது இந்த டிஎன்எஃப்தான்.

மரபணுவைத் தேடியது

அந்தக் காலத்தில் எலிகளில் ஒரு மரபணு பிரபலமாக இருந்தது. அது பிசிஜி, சால்மோனெல்லா, லீஷ்மேனியா மூன்றையும் எதிர்க்கும் சக்தியைத் தீர்மானித்தது. 1993-இல் கனடாவின் மாண்ட்ரியல் குழு அதைப் பிரித்தெடுத்திருந்தது. மால்டா குழந்தைகளிலும் அதன் மனிதப் படிவம்தான் பழுதா என்று யாருக்கும் தோன்றும். 1995 கட்டுரையின் தலைப்பிலேயே மைக்கோபாக்டீரியா தொற்றுக்கு ஆளாக்கும் மனித மரபணு ஒன்று இதுவோ என்ற கேள்விக்குறி இருந்தது.

நியூபோர்ட் குழு ஒரு மரபணுவை மட்டும் நம்பி நிற்காமல், எல்லாக் குரோமோசோம்களையும் சல்லடை போட்டது. தர்க்கம் எளிது. 4 குழந்தைகளுக்கும் ஒரே முன்னோரிடமிருந்து பழுதான பிரதி வந்திருந்தால், அந்த மரபணுவைச் சுற்றியுள்ள பகுதி முழுவதும் தாய் பக்கமும் தந்தை பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். மைக்ரோசாட்டிலைட் எனப்படும் அடையாளக் குறிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். 6-ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஓர் இடத்தில் 4 குழந்தைகளுக்கும் 8 குறிகள் அடுத்தடுத்து இரட்டையாக ஒத்துப்போயின. எலி மரபணுவின் மனிதப் படிவமோ 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறது.

6-ஆம் குரோமோசோமின் அந்தப் பகுதியில் இருப்பது இன்டர்ஃபெரான் காமா ஏற்பியின் முதல் சங்கிலிக்கான மரபணு. டிஎன்எஃப் சோதனை சுட்டியதும் இதே பாதையைத்தான். இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

அடுத்தது உறுதிப்படுத்தல். ஒளிரும் எதிர்ப்புப் புரதத்தை வைத்து வெள்ளணுக்களின் மேல்பரப்பைப் பார்த்தபோது குழந்தைகளின் செல்களில் ஏற்பியே இல்லை. மரபணுவின் வரிசையைப் படித்தபோது 395-ஆம் எழுத்தில் ஒரே ஒரு மாற்றம். அந்த மாற்றம் அங்கேயே நிறுத்தக் குறியை உருவாக்கிவிட்டது. அதனால் புரதம் பாதியில் அறுந்துபோனது. செல் சவ்வில் பதியும் பகுதியும் இல்லை, உள்ளே ஜாக் கைனேஸ்களைத் தொடும் பகுதியும் இல்லை.

அதே இதழில் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையின் காசனோவா குழுவும் தன் முடிவை வெளியிட்டது. துனிசியக் குடும்பம் ஒன்றின் குழந்தை பிசிஜி தடுப்பூசிக் கிருமி உடம்பு முழுக்கப் பரவி இறந்திருந்தது. அங்கேயும் இதே மரபணு, ஆனால் வேறு பழுது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குடும்பங்கள், இரண்டு ஆய்வகங்கள், ஒரே ஏற்பி. அதன் பிறகு விவாதத்துக்கு அதிகம் இடமில்லாமல் போனது.

கிருமி செய்வதும் மரபணு செய்ததும்

மால்டா குழந்தைகளில் இன்டர்ஃபெரானின் கட்டளை செல்லின் வாசலிலேயே நின்றுவிட்டது. காசநோய்க் கிருமி வாசலை அடைப்பதில்லை. கட்டளையை உள்ளே விட்டு, நிறைவேறாமல் பார்த்துக்கொள்கிறது.

ஜோயல் எர்ன்ஸ்டின் குழு 1999-இல் இதைத் துல்லியமாகக் காட்டியது. காசநோய்க் கிருமி தொற்றிய மனித மேக்ரோபேஜில் இன்டர்ஃபெரான் காமாவைச் சேர்த்தால் ஸ்டாட்1-க்கு ஒழுங்காகப் பாஸ்பேட் ஏறுகிறது. அது உட்கருவுக்குப் போகிறது, டிஎன்ஏவிலும் ஒட்டுகிறது. ஆனால் மரபணுவை இயக்க உதவும் துணைப் புரதங்களோடு சேர்வது குறைந்துபோகிறது. விளைவாகச் சில முக்கிய மரபணுக்கள் எழுதப்படுவதில்லை. ஸ்டாட்1 வரை மட்டும் சோதித்துப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

கிளீவ்லாந்தில் கிளிஃபர்ட் ஹார்டிங்கின் குழு இன்னொரு வழியைக் கண்டது. கிருமியின் 19 கிலோடால்டன் எடையுள்ள ஒரு கொழுப்புப் புரதம், மேக்ரோபேஜின் டிஎல்ஆர்2 ஏற்பியில் வெகுநேரம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. டிஎல்ஆர்2 என்பது கிருமி வந்துவிட்டது என்று எச்சரிக்கும் ஏற்பி. முதலில் அது எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் எச்சரிக்கை நீண்டுகொண்டே போனால், இன்டர்ஃபெரானின் கட்டளைப்படி கிருமியின் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் எம்எச்சி 2 மூலக்கூறுகள் உருவாவது குறைகிறது. உடம்பின் காவல் ஏற்பியையே கிருமி தனக்கு வசதியாக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தப் பகுதி எப்போது படித்தாலும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

மூன்றாவதாக, வேறொரு இன்டர்ஃபெரானைத் தூண்டுவது. கிருமி தன் இஎஸ்எக்ஸ்-1 சுரப்பு அமைப்பால் பையின் சவ்வைச் சேதப்படுத்துகிறது. அதன் டிஎன்ஏ வெளியே கசிந்து, செல்லின் வைரஸ் எச்சரிக்கைப் பாதையைக் கிளப்பி, முதல் வகை இன்டர்ஃபெரானைச் சுரக்க வைக்கிறது. அது இன்டர்ஃபெரான் காமாவின் வேலைக்கு எதிராகப் போகிறது. நோய் வெளிப்பட்ட காசநோயாளிகளின் இரத்தத்தில் இந்த முதல் வகையின் தடயம் அதிகமாகத் தெரிவதை 2010-இல் லண்டன் ஆய்வு ஒன்று காட்டியது. பிசிஜிக் கிருமியில் இந்தச் சுரப்பு அமைப்பின் மரபணுப் பகுதி இல்லை. அது சாதுவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். மால்டா கிருமிகளிடம் காசநோய்க் கிருமி அளவுக்குத் தேர்ந்த ஆயுதங்கள் இருந்ததில்லை. அங்கே தேவையும் பட்டிருக்காது.

இதிலிருந்து சிகிச்சைக்கு ஒரு கசப்பான விளைவு வருகிறது. கட்டளை வராததுதான் பிரச்சினை என்றால் இன்டர்ஃபெரான் காமாவை மருந்தாகக் கொடுத்தால் தீர்ந்துவிடும். 1997-இல் மருந்துகளுக்கு மசியாத காசநோய் இருந்த 5 பேருக்கு மூச்சுவழி கொடுத்துப் பார்த்தபோது சளியில் கிருமி குறைந்தது, நம்பிக்கையும் பிறந்தது. ஆனால் அது வழக்கமான காசநோய்ச் சிகிச்சையில் இடம்பிடிக்கவில்லை. காசநோயாளியின் நுரையீரலில் இன்டர்ஃபெரான் காமாவுக்குப் பொதுவாகப் பஞ்சமில்லை. அதைக் கேட்டு நடக்கும் செல்தான் குறைவு.

பின்விளைவு

மால்டா குடும்பங்களின் நோய் ஒரு பெரிய குழுவின் முதல் கண்ணியாக ஆனது. இதே பாதையின் மற்ற புள்ளிகளிலும் பழுதுள்ள குழந்தைகள் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டார்கள். 1998-இல் ஏற்பியின் இரண்டாவது சங்கிலி, ஐஎல்-12, ஐஎல்-12 ஏற்பி. 2001-இல் ஸ்டாட்1. ஐஎல்-12 என்பது மேக்ரோபேஜ் டி செல்லுக்கு அனுப்பும் செய்தி. அதைக் கேட்டுத்தான் டி செல் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கும். இந்தக் குழந்தைகளில் பலருக்கு மைக்கோபாக்டீரியாவைத் தவிர சால்மோனெல்லாவும் தொல்லை கொடுத்தது. மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவற்றை அவர்கள் நம்மைப் போலவே சமாளிக்கிறார்கள். எலியில் பார்த்து ஊகித்திருந்த ஒன்று மனிதரில் இப்படி வரையப்பட்டது.

பழுதின் அளவும் முக்கியம் என்பது சீக்கிரமே தெரிந்தது. 1997-இல் போர்ச்சுக்கலைச் சேர்ந்த உடன்பிறந்த இருவரில் ஏற்பி அரைகுறையாக வேலை செய்தது. ஒருவருக்குப் பிசிஜி தொற்று பரவியது, தடுப்பூசி போடாத மற்றவருக்குக் காசநோய் வந்தது. இருவருக்கும் சிகிச்சை பலன் கொடுத்தது. முழுப் பழுது உள்ள குழந்தைகளின் திசுக்களில் கிரானுலோமா (கிருமியைச் சுற்றி வளைக்கும் செல் கூட்டம்) ஒழுங்காக உருவாவதில்லை, கிருமிகள் மொய்த்துக் கிடக்கும். அரைப் பழுதில் கிரானுலோமா சரியாகக் கட்டுப்பட்டு, கிருமி குறைவாக இருக்கும்.

1999-இல் தெரிந்த இன்னொரு வகை, ஆய்வகங்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஏற்பியின் உள்வால் மட்டும் வெட்டுப்பட்டிருக்கும். செல்லுக்குள் திரும்பி இழுக்கப்படாததால் ஏற்பி மேல்பரப்பில் குவிந்துகொண்டே போகும். இன்டர்ஃபெரானையும் பிடிக்கும், ஆனால் செய்தியைக் கடத்தாது. ஒரே ஒரு பழுதான பிரதி போதும், நல்ல ஏற்பிகளின் வேலையையும் கெடுத்துவிடும். இவர்களுக்கு எலும்பில் மைக்கோபாக்டீரியா தொற்று அதிகம் வருகிறது. மால்டா குழந்தைகளுக்குச் செய்தது போல ஏற்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், இவர்களிடம் அளவுக்கு மேலேயே இருக்கும்.

முழுப் பழுது உள்ளவர்களைப் பற்றி 2001-இல் ஒரு விசித்திரம் வெளிவந்தது. அவர்களின் இரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமா மிக அதிகமாக இருந்தது. தபால் பெட்டி இல்லாத வீட்டின் வாசலில் கடிதங்கள் குவிவது போல, எடுத்துக்கொள்ள ஏற்பி இல்லாததால் அது இரத்தத்தில் தேங்குகிறது. ஒரு சாதாரண இரத்த அளவீடே நோயைச் சுட்டிக்காட்டும் என்பது இதனால் கிடைத்த லாபம்.

சிகிச்சைப் பக்கம் அவ்வளவு வெளிச்சம் இல்லை. முழுப் பழுதுக்கு இன்டர்ஃபெரான் ஊசி பயன்படாது. எலும்பு மஜ்ஜை மாற்றுதான் நிரந்தர வழி. 2004-இல் பல மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் 8 குழந்தைகளுக்கு 11 முறை மாற்று நடந்திருந்தது. பாதிப்பேர் இறந்தார்கள். பலருக்குப் புதிய மஜ்ஜை பிடிக்கவில்லை. தேங்கிய இன்டர்ஃபெரானே புதிய மஜ்ஜையைப் பிடிக்கவிடாமல் செய்கிறது என்று எலிகளை வைத்து 2008-இல் விளக்கம் கிடைத்தது. அதனால் மாற்றுக்கு முன் தொற்றை முடிந்தவரை அடக்கி அந்த அளவைக் குறைப்பது முக்கியமானது.

இன்றைக்கு இதே போன்ற குழந்தை வந்தால்

1995-இல் அந்த மருத்துவர்களுக்குக் கையில் இல்லாத சில விஷயங்கள் இப்போது இருக்கின்றன. முதலில் சோதனை வரிசை மாறும். எச்ஐவி இல்லை என்று உறுதியானதும், இரத்தத்தில் இன்டர்ஃபெரான் காமாவின் அளவைப் பார்க்கலாம். அப்புறம், செல்களை ஒளியால் ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஏற்பி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், இன்டர்ஃபெரான் சேர்த்தால் ஸ்டாட்1-க்குப் பாஸ்பேட் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். மரபணு வரிசைக்கு மாதிரியை அதே நேரத்தில் அனுப்பிவிடலாம். பழுது பாதையின் எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். ஐஎல்-12 ஏற்பியில் பழுது என்றால் இன்டர்ஃபெரான் காமா ஊசி நன்றாக வேலை செய்யும். அதன் சொந்த ஏற்பி முழுதும் இல்லாவிட்டால் வீண்.

இரண்டாவது பிசிஜி. இந்தியாவில் பிறந்ததும் இடது தோளில் போட்டுவிடுகிறார்கள், அது சரியான கொள்கை. ஊசி போட்ட இடத்தில் சின்னப் புண் வந்து ஆறுவதும், தழும்பு விழுவதும் இயல்பு. அக்குளில் சிறிதாக நெறி கட்டினால்கூடப் பெரும்பாலும் தானே சரியாகும். பயப்பட வேண்டியதில்லை. ஆனால் முந்தைய குழந்தை பிசிஜி கிருமி பரவியோ, காரணம் தெரியாத மைக்கோபாக்டீரியா தொற்றாலோ இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, சோதனை முடியும்வரை பிசிஜியை நிறுத்திவைக்க வேண்டும். பிரசவ வார்டில் தடுப்பூசி போடுகிற செவிலியருக்கு இந்த விவரம் தானாகத் தெரிய வழியில்லை, குடும்பம்தான் சொல்ல வேண்டும். தாய்மாமனையோ, அத்தை மகன், மாமன் மகளையோ கட்டுகிற வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. மால்டாவில் உறவுமுறை என்ன செய்ததோ, அது இங்கேயும் செய்யும்.

மூன்றாவது, காசநோய் ஆராய்ச்சிக்கு. இந்தக் குழந்தைகள் அரிய நோயாளிகள், காசநோயாளிகளோ கோடிக்கணக்கில். இரண்டுக்கும் நடுவில் பாலம் இருக்கிறதா என்ற கேள்விக்கு 2018-இல் ஒரு பதில் கிடைத்தது. டைக்2 என்ற கைனேஸில் ஐரோப்பியரிடையே ஓரளவு பரவலாக உள்ள ஒரு மாற்றம், இரண்டு பிரதியும் இருந்தால், காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. இன்டர்ஃபெரான் காமா உருவாக உதவும் ஐஎல்-23 என்ற செய்தியை மட்டும் அது கெடுக்கிறது. மற்ற வேலைகள் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. ஐரோப்பியரின் காசநோயில் ஏறக்குறைய 1 சதவீதத்துக்கு இது காரணம் என்று மறு வருடம் கணக்கிட்டார்கள்.

மருந்து தேடுகிறவர்கள் பிடிபிஏ, பிகேஎன்ஜி போன்ற கிருமி நொதிகளை முடக்கும் வேதிப்பொருட்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். கிருமியை நேரடியாகக் கொல்லாமல், மேக்ரோபேஜ் தன் வேலையைச் செய்ய விடுவது அவர்கள் திட்டம். இந்த வழிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கிருமியின் தடையை எடுத்துவிட்டாலும், கட்டளையை வாங்கிக்கொள்ள ஏற்பி இருந்தால்தான் மேக்ரோபேஜ் முழு வேகத்தில் இயங்கும். மால்டா குழந்தைகளைப் போல ஏற்பியே இல்லாதவர்களுக்கு இப்படிப்பட்ட மருந்து அதிகம் உதவாது. அவர்களுக்கு இன்னும் கிருமியையே கொல்லும் பழைய மருந்துகளும் மஜ்ஜை மாற்றும்தான்.